முதல் மின்கிற்றார்: பெயரை அல்ல, பயனைப் பார்ப்போம்

மின்கிற்றார் பழக விரும்பும் பிள்ளைக்காக, கையிலுள்ள பணம் முழுவதையும் கிற்றாருக்கே பெற்றோர் சிலர் செலவிடுவதை நாம் காண்கின்றோம். கம்பிகளின் அதிர்வை மின்சமிக்ஞையாக்குவதே கிற்றாரின் பணி. அதனை உரத்த ஒலியாக்குவது அம்பிளிபயர். எனவே இரண்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குதல் வேண்டும்.

ஃபெண்டர், கிப்சன் நிறுவனங்களின் விலைகுறைந்த வரிசைகளான ஸ்குவையர், எபிஃபோன் என்பன ஆரம்ப மாணவருக்குப் போதுமானவை. எனினும் பெயரைவிட முக்கியமானது, கழுத்துப்பகுதி முறுக்கின்றியும் கம்பிகள் அதிக உயரமின்றியும் இருப்பதாகும். கம்பி உயர்ந்திருந்தால் விரல் நோகும். பிள்ளை சில வாரங்களிலேயே பயிற்சியைக் கைவிடக்கூடும்.

வீட்டுப் பயிற்சிக்கு 10 முதல் 20 வாட்ஸ் வரையான அம்பிளிபயர் தாராளம். ஹெட்போன் பொருத்தும் வசதியிருப்பின் அயலவருக்கும் தொல்லையில்லை. உழைத்துச் சேர்த்த பணமும் பிள்ளையின் ஆர்வமும் வீண்போகாதிருக்க, கடையிலேயே வாசித்துப் பார்த்து வாங்குமாறு நாம் வலியுறுத்துகின்றோம்.