‘பைமன்த்லி’ என்றால் மாதம் இருமுறையா, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையா?

அமெரிக்க நிறுவனம் ஒன்றில் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் ‘பைவீக்லி சம்பளம் 2,000 டாலர்’ என்று இருக்கிறது. வருஷத்துக்கு எவ்வளவு? மாதம் ரெண்டு முறைதானே என்று 24-ஆல் பெருக்கினால் 48,000 டாலர். ஆனால் அங்கே சம்பளக் கணக்கில் பைவீக்லி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வருஷத்துக்கு 26 சம்பளம், அதாவது 52,000 டாலர். மாதம் இருமுறை தரும் சம்பளத்துக்குப் பெயர் ‘செமிமன்த்லி’. 4,000 டாலர் சும்மா இல்லைங்க.

இந்த ‘பை’ லத்தீனிலிருந்து வந்த முன்னொட்டு. இரண்டு என்று பொருள். பைசைக்கிளுக்கு இரண்டு சக்கரம். அதில் குழப்பம் இல்லை. காலத்தைக் குறிக்கும் சொல்லோடு சேரும்போதுதான் வம்பு. இரண்டு மாதமா, இரண்டு முறையா? மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைப் புரட்டினால், ‘பைமன்த்லி’க்கு இரண்டு அர்த்தமுமே இருக்கிறது! ‘செமி’ என்றால் பாதி என்பதால் அதில் இந்தத் தொல்லை கிடையாது.

ரிசர்வ் வங்கியின் ‘பைமன்த்லி’ பணக் கொள்கை அறிவிப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. வீட்டுக் கடன் வாங்கியவர்கள் வட்டி மாறுமா என்று காத்திருப்பது மாதம் இருமுறை அல்ல, வருஷத்துக்கு ஆறு முறை.

தமிழ்நாட்டு ஈ.பி. பில்லும் இதே ரகம்தான். ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அறிவித்தது இந்த இரண்டு மாதக் கணக்குக்குத்தான். டெல்லியில் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை என்று 2019-ல் வந்த திட்டமோ மாதக் கணக்கு. ரெண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், தமிழ்நாடு தந்தது டெல்லியில் பாதி என்று தோன்றும். ஒரே கால அளவுக்கு மாற்றினால் மாதம் 50-க்கு 200, கால் பங்குதான். இரு திட்டங்களின் விதிகளும் வேறு என்பது தனிக்கதை. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒப்பீட்டு அட்டவணைகளைப் பார்க்கும்போது, முதலில் எத்தனை மாதக் கணக்கு என்று பாருங்க.

‘பையானுவல்’, ‘பையெனியல்’ ஜோடி இன்னும் மோசம். எழுத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது, வருஷத்துக்கு இருமுறை. இரண்டாவது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மாநிலங்களவை உறுப்பினர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வு பெறுவார்கள். அந்த இடங்களுக்கு நடப்பது ‘பையெனியல்’ தேர்தல்.

தமிழில் ‘மாதம் இருமுறை’, ‘இரு மாதத்துக்கு ஒருமுறை’ என்று பிரித்தே சொல்லிவிடுகிறோம். ஆபீஸ் மெயிலிலும் அதையே செய்யலாம். கிளையண்ட் ‘பைவீக்லி கால்’ என்று எழுதினால், எந்தெந்தத் தேதி என்று கேட்டு காலண்டர் இன்வைட் வாங்கிடுங்க. ‘ஃபார்ட்நைட்லி’ என்று பதில் போடலாமே என்கிறீர்களா? நமக்கும் பிரிட்டனுக்கும் அது பழகிய சொல். அமெரிக்காவில் பலருக்கு அது புரியாது.