வீரர் போனாலும் கணக்கு போவதில்லை

மட்டக்களப்புக்குக் கூடைப்பந்தாட்டம் புதியதன்று. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் அதனைப் புனித மிக்கேல் கல்லூரியில் வேரூன்றச் செய்தனர். நகரின் வெபர் மைதானம் அவர்களுள் ஒருவரான அருட்தந்தை வெபரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1990 ஓகஸ்டில் காணாமற்போன அருட்தந்தை யூஜின் ஹெபர்ட், இக்கல்லூரி மாணவருக்கு இவ்விளையாட்டைப் பயிற்றுவித்தவராவார். ஆகவே வாவிக்கரை இளைஞர்கள் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளை ஆர்வத்துடன் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால், அணியிலிருந்து நீக்கப்பட்ட வீரரின் சம்பளம் ஏன் அவ்வணியின் கணக்கிலேயே தொடர்கின்றது என்பது பலருக்கும் விளங்காத புதிராகும்.

என்.பி.ஏ.யின் 30 அணிகளுக்கும் பொதுவான சம்பள உச்சவரம்பு ஒன்றுண்டு. 2025-26 பருவத்துக்கு அது சுமார் 154.6 மில்லியன் டொலர். சில விதிவிலக்குகளின் கீழ் இதனைத் தாண்டிச் செலவிடலாம்; எனினும், அளவுக்கு மீறினால் வரியும் கட்டுப்பாடுகளும் காத்திருக்கும். பணம் படைத்த அணியே சிறந்த வீரர் அனைவரையும் வாங்கிவிடக்கூடாது என்பதே இதன் நோக்கமாகும்.

ஒரு வீரரை அணி விடுவிக்கும்போது, ஏனைய அணிகளுக்கு 48 மணித்தியால அவகாசம் வழங்கப்படும். அதற்குள் ஓர் அணி அவரைக் கோரினால், ஒப்பந்தமும் சம்பளப் பொறுப்பும் அவ்வணியைச் சேரும். எவரும் கோராவிடில், உத்தரவாதம் அளிக்கப்பட்ட சம்பளத்தைப் பழைய அணியே செலுத்த வேண்டும். உச்சவரம்புக் கணக்கிலும் அது இடம்பிடித்திருக்கும். உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தமாயின், பணியாற்றிய நாட்களுக்கான தொகை மாத்திரமே கணக்கில் சேரும்.

இச்சுமையைத் தணிக்க 2011 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒரு வழி வகுக்கப்பட்டது. மீதமுள்ள ஆண்டுகளை இரட்டித்து ஒன்றைக் கூட்டி, வரும் ஆண்டுகளுக்குச் சம்பளத்தைப் பகிர்ந்து செலுத்தலாம். 2025 ஜூலையில் மில்வோக்கி பக்ஸ் அணி, காயமடைந்திருந்த டேமியன் லிலார்டை இவ்வாறே விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு எஞ்சியிருந்த ஏறத்தாழ 113 மில்லியன் டொலர் ஐந்து ஆண்டுகளுக்குப் பகிரப்பட்டது. இதனால் மைல்ஸ் டேர்னரை ஒப்பந்தம் செய்ய உடனடியாக இடம் கிடைத்தது. ஆனால் தன்னிடம் ஆடாத ஒருவருக்காக ஆண்டுதோறும் சுமார் 22.5 மில்லியன் டொலர், 2029-30 பருவம் வரை அவ்வணியின் கணக்கில் நிற்கும். இன்றைய வசதிக்கு நாளைய இடத்தை அடகு வைப்பது என்பது இதுதான்.

இது தொலைதூரத்துக் கோடீஸ்வரர்களின் கணக்கு என ஒதுக்கிவிடலாகாது. நீக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு; கொடுத்த வாக்கிலிருந்து நழுவும் உரிமை அவருக்கு இல்லை என்பதே இதன் சாரம். இப்பாதுகாப்பு எவரது கருணையாலும் கிடைத்ததன்று. 1954 இல் தொடங்கப்பட்ட வீரர் சங்கம் கூட்டாகப் பேரம்பேசிப் பெற்றதாகும்.

நமது நாட்டிலும் இதற்கு நிகரான சட்டமொன்றுண்டு. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணமின்றித் தொழிலாளரை நீக்குவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை. ஆனால் 15 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களுக்கு அது பொருந்தாது. காத்தான்குடியின் கடைகளிலும் ஏறாவூரின் தையற்கூடங்களிலும் வாழைச்சேனையின் பட்டறைகளிலும் இரண்டு மூன்று பேராக உழைக்கும் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் பலர் இவ்வரம்புக்கு வெளியேயே நிற்கின்றனர். அவர்களுக்குத் தொழில் நியாய சபையை நாடும் வழி உண்டு. ஆனால் கையில் எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாதவர் அங்கே எதைக் காட்டுவார்?

வேலையில் சேரும் நாளிலேயே சம்பளமும் நிபந்தனைகளும் எழுத்தில் பெறப்படல் வேண்டும். கோடிகளைப் பெறும் வீரருக்கு அரணாக நிற்பது ஒரு துண்டுக் காகிதமே. நாட்கூலி பெறுபவருக்கு அது இன்னும் அவசியம் என்பதை முதலாளிமாரும் பெற்றோரும் உணர வேண்டும்.