கலி நாளும் கணிப்பொறி நாளும்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் ஆண்டுதோறும் ஆடித்தபசு விழா சிறப்பாக நடைபெறுகிறது. ஆடி மாதத்து உத்திராட நட்சத்திர நாளே தபசு நாள். ஆங்கிலத் தேதிப்படி இந்நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் ஜூலையிலும், சில ஆண்டுகளில் ஆகஸ்டிலும் வரும். அப்படியிருக்க, அடுத்த ஆண்டுத் தபசு நாளைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே எவ்வாறு சொல்கிறது? இதற்கு விடை தேடினால், கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் இன்று பின்பற்றும் ஒரு முறை நமக்குப் புலப்படும்.

தேதிகளைக் கழித்தல்

1947 ஆகஸ்டு 15 முதல் 1970 ஜனவரி 1 வரை எத்தனை நாட்கள்? தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். மாதங்களின் நாட்கள் 28, 29, 30, 31 என வேறுபடுகின்றன. நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் 1900 லீப் ஆண்டு அன்று, 2000 லீப் ஆண்டு. இத்தனை விதிகளையும் ஒவ்வொரு கணக்கிலும் புகுத்தினால், எங்கேனும் ஒரு நாள் தவறிவிடும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு நாளைத் தொடக்கமாகக் கொண்டு, மாதம், ஆண்டு என்று பாராமல் நாட்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போவதுதான் அது. நம் நாட்டு வானியலார் இதைத்தான் செய்தனர். ஜூலியன் நாட்காட்டிப்படி கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமையை அவர்கள் கலியுகத் தொடக்கமாகக் கொண்டனர். அன்று முதல் கழிந்த நாட்களின் தொகைக்கு ‘அகர்கணம்’ அல்லது கலி நாள் என்று பெயர்.

1947 ஆகஸ்டு 15-இன் கலி நாள் 18,43,947. 1970 ஜனவரி 1-இன் கலி நாள் 18,52,122. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 8,175 நாட்கள். கணக்கு முடிந்தது!

கிழமையும் இதிலிருந்தே கிடைக்கும். கலி நாளை 7-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 என்றால் வெள்ளி, 1 என்றால் சனி, இப்படியே 6 என்றால் வியாழன். 18,43,947-ஐ வகுத்தால் மீதி 0. நாம் விடுதலை பெற்ற நாள் வெள்ளிக்கிழமைதான் அல்லவா?

சந்திரனுக்கும் இதே முறைதான். சந்திரன் வானில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அதன் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகின்றன. இத்தகைய 9 சுற்றுகள் சேர்ந்தால் கிட்டத்தட்ட 248 நாட்கள். ஆகவே 248 நாட்களுக்கான சந்திரனின் நிலைகளை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்தனர். கலி நாளிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கழித்து, சில பெரிய எண்களாலும் இறுதியில் 248-ஆலும் வகுத்தால், எந்த வாக்கியத்தைப் பார்க்க வேண்டும் என்பதை மீதி சொல்லிவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் வந்தது இதனால்தான். 1825-இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலிதம்’ என்ற ஆங்கில நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட எண்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் பதிவு செய்துள்ளார்.

கணிப்பொறியின் யுகத் தொடக்கம்

கணிப்பொறிகள் பலவற்றுக்கும் இப்படி ஒரு தொடக்கம் உண்டு. அது 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு 12 மணி. யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையில் தோன்றிய வழக்கம் இது. அந்தக் கணம் முதல் கணிப்பொறி வினாடிகளை எண்ணுகிறது. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். எண்ணிக்கை பூச்சியமாக இருந்த அந்தக் கணத்தில் நம் கடிகாரங்கள் காலை 5.30 காட்டின.

தொல்லை பிறப்பது இந்த ஐந்தரை மணி நேரத்தில்தான். ஒரு மாணவி 2010 ஜூன் 1 அன்று பிறந்தவள் என்போம். நிரல் எழுதியவர் அதை “ஜூன் 1, இந்திய நேரம் நள்ளிரவு 12” என்று வினாடி எண்ணாக மாற்றிச் சேமிக்கிறார். அந்தக் கணத்தில் கிரீன்விச் நேரப்படி மணி என்ன? மே 31, மாலை 6.30. கிரீன்விச் நேரப்படி இயங்கும் வேறொரு கணிப்பொறி அந்த எண்ணைப் படித்து, “பிறந்த நாள் மே 31” என்று அச்சிட்டுவிடும். ஜூன் 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்களே தகுதியுடையோர் என ஒரு தேர்வுக்கு விதி இருந்தால், தகுதியுள்ள மாணவி தள்ளப்படுவாள். கூட்டலிலோ கழித்தலிலோ பிழை இல்லை. நாளையும் கணத்தையும் ஒன்றெனக் கொண்டதே பிழை.

பிறந்த நாள் என்பது ஒரு நாள். அதை நாளாகவே வைக்க வேண்டும். செயற்கைக்கோள் ஏவப்படுவது ஒரு கணம். அதை வினாடி எண்ணாக வைத்து, மக்களுக்குக் காட்டும்போது மட்டும் அந்தந்த நாட்டு நேரமாக மாற்ற வேண்டும்.

எப்போதும் ஐந்தரை மணியைக் கூட்டினால் போதுமா? அதுவும் போதாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அக்காலத்துக்கு ஆறரை மணியைக் கூட்ட வேண்டும். கடிகார நேரம் மனிதர் வகுத்த ஏற்பாடு; சூரியன் அதற்குக் கட்டுப்படாது. இந்தியத் திட்ட நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. சங்கரன்கோவில் ஏறத்தாழ 77½ பாகையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடம் வீதம், இவ்வூரின் சூரிய நேரம் சுமார் 20 நிமிடம் பின்தங்கியே இருக்கும்.

எண்ணும் முறை எளிதுதான். ஆனால் எண்ணை எழுதப் போதிய இடமும் வேண்டும். வினாடிகளை 32 பிட் அளவில் எழுதும் பழைய கருவிகளில் 2,14,74,83,647-க்கு மேல் எண்ண முடியாது. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்த எல்லை வந்துவிடும். அடுத்த வினாடியில் அவை 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். எனவேதான் புதிய கணிப்பொறிகளில் 64 பிட் இடம் ஒதுக்குகிறார்கள்.

மாணவர்களே, 2000 ஜனவரி 1-இன் கலி நாள் 18,63,079. இதிலிருந்து தொடங்கி, நீங்கள் பிறந்த நாளின் கலி எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதை 7-ஆல் வகுத்து, வரும் மீதி நீங்கள் பிறந்த கிழமையைச் சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். கிழமை ஒத்துவரவில்லை என்றால், முதலில் லீப் ஆண்டுகளைச் சரியாக எண்ணினீர்களா என்று சோதியுங்கள்.