புகைப்படத் திருத்த மென்பொருள்: பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

மாணவர்களே, பள்ளி ஆண்டிதழ், அறிவியல் செயல்திட்டம், கழக நிகழ்ச்சிக்கான சுவரொட்டி என ஏதாவது ஒன்றுக்காகக் கைப்பேசியில் எடுத்த படத்தைத் திருத்த வேண்டிய தேவை உங்களுக்கும் வந்திருக்கும். எந்த மென்பொருள் நல்லது, அதற்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா என்ற கேள்விகளும் கூடவே எழும். விடை காண்பதற்கு முன், மென்பொருள் உங்கள் படத்தை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

படம் என்பது எண்கள்

12 மெகாபிக்சல் படத்தில் ஏறத்தாழ 12 மில்லியன் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேபெக் படங்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். 0 என்றால் அந்த நிறத்தின் ஒளி அறவே இல்லை. 255 என்றால் முழு அளவு. மூன்றும் 255 ஆனால் தூய வெள்ளை.

நண்பகலில் பத்துமலைப் படிகளைப் படம் எடுக்கிறீர்கள். படிகள் இருட்டாகவும், மேலே மேகம் வெளிச்சமாகவும் பதிவாகின்றன. மேகத்தின் மூன்று புள்ளிகளின் ஒளி அளவு 230, 240, 250 என்று வைத்துக்கொள்வோம். படிகள் தெளிவாகத் தெரியட்டும் என்று படம் முழுவதற்கும் 30 கூட்டினால், மேகத்தின் எண்கள் 260, 270, 280 ஆக வேண்டும். ஆனால், 255க்கு மேல் இடமில்லை. மூன்றும் 255 ஆகிவிடும். மேகத்தின் வடிவம் மறைந்து, வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சும்.

அப்படியே சேமித்துவிட்டு, மறுநாள் திறந்து 30 கழித்துப் பாருங்கள். 225, 225, 225 என்றுதான் வரும். பழைய 230, 240, 250 திரும்பாது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். ஆனால், இழந்த தகவல் திரும்பாது என்பது இலவச மென்பொருளுக்கும் விலை உயர்ந்த மென்பொருளுக்கும் பொது. எனவே, விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது, மூலப் படத்தைப் பாதுகாக்கிறதா என்பதுதான்.

மூன்று கேள்விகள்

முதலாவது, அடுக்கு வசதி உண்டா? ஒரு படத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து, அந்தத் தாளில் மட்டும் எழுதுவது போன்றது இது. பிடிக்காவிட்டால் தாளை எடுத்துவிடலாம். அடியில் உள்ள படம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, எந்த வடிவங்களில் சேமிக்கலாம்? ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடுகிறது. அதனால்தான் கோப்பு சிறிதாகிறது. திருத்தித் திருத்தி மீண்டும் ஜேபெக்காகச் சேமித்தால் இழப்பு கூடும். பிஎன்ஜி முறையில் இந்த இழப்பு இல்லை.

மூன்றாவது, ஓராண்டுச் செலவு எவ்வளவு? மாதம் 20 ரிங்கிட் என்றால் சிறு தொகைபோல் தோன்றும். ஆண்டுக்கு அது 240 ரிங்கிட். அடோபி நிறுவனம் 2013ஆம் ஆண்டில், ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே தருவதாக அறிவித்தது. இன்று பல செயலிகளும் இவ்வழியில் செல்கின்றன.

எதில் தொடங்கலாம்?

கைப்பேசி மட்டுமே இருந்தால், கூகள் வழங்கும் ஸ்னாப்சீட் இலவசம். ஒளி, நிறம், வெட்டுதல் போன்ற அன்றாட வேலைகளுக்குப் போதும். கணினியில் எதையும் நிறுவ முடியாவிட்டால், ஃபோட்டோபீ இணைய உலாவியிலேயே இயங்கும். விளம்பரங்கள் வரும், ஆனால் அடுக்கு வசதி உண்டு. சொந்தக் கணினி உள்ளவர்களுக்கு கிம்ப் ஏற்றது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995இல் தொடங்கிய திட்டம் இது. பின்னர் தன்னார்வலர்கள் அதை வளர்த்தார்கள். கற்றுக்கொள்ளச் சில நாள் பிடிக்கும். கட்டணம் மட்டும் எப்போதும் இல்லை. இதில் 'சேமி' என்றால் அடுக்குகளுடன் கூடிய எக்ஸ்சிஎஃப் கோப்பு கிடைக்கும்; ஜேபெக் வேண்டுமென்றால் 'ஏற்றுமதி' செய்ய வேண்டும்.

விலை உயர்ந்த மென்பொருளின் பூட்டை உடைத்து 'இலவசமாக'த் தரும் தளங்களை நாடாதீர்கள். அது சட்டத்திற்குப் புறம்பானது. அத்தகைய கோப்புகளோடு உங்கள் கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களும் வந்து சேரலாம். மென்பொருளை அதன் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்தோ செயலிக் கடையிலிருந்தோ மட்டும் பதிவிறக்கம் செய்யுங்கள்.

இயந்திரம் நிரப்பும் இடம்

வெளுத்துப்போன மேகத்தைச் செயற்கை நுண்ணறிவு 'மீட்டுத் தரும்' என்று சில செயலிகள் விளம்பரம் செய்கின்றன. அது மீட்பதில்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. பிறந்தநாள் படத்தில் அதனால் பாதகமில்லை. ஆனால், முளைவிட்ட பச்சைப்பயற்றின் படத்தை அறிவியல் செயல்திட்டத்தில் ஒட்டும்போது, ஊகித்து வரைந்த வேர் சான்றாகாது. படம் முழுவதற்கும் ஒளியைக் கூட்டினால் அதை அறிக்கையில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள்; இருப்பதை அழிக்காதீர்கள்.

செய்து பாருங்கள்: மேகம் உள்ள ஒரு படத்தை நகலெடுங்கள். நகலின் ஒளியை மிக அதிகமாகக் கூட்டி, ஜேபெக்காகச் சேமித்து மூடுங்கள். மீண்டும் திறந்து ஒளியைக் குறையுங்கள். இப்போது மூலப் படத்தையும் நகலையும் அருகருகே வைத்து மேகத்தை ஒப்பிடுங்கள். பிறகு, அடுக்கு வசதியுள்ள மென்பொருளில், அடுக்குகளோடு சேமித்து இதையே செய்யுங்கள். எந்த முறையில் மேகம் தப்பியது என்று குறித்துக்கொண்டால், உங்களுக்குத் தேவையான மென்பொருள் எது என்பது விளங்கிவிடும்.