கைக்கு இசையும் சொட்டு மருந்துப் புட்டி

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஹெப்பகோடியை அடுத்த பொம்மசந்திராவில் நாராயணா நேத்ராலயா கண் மருத்துவமனை இயங்கி வருகிறது. இத்தகைய மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்புவோர் பலரின் கையில் ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டி இருக்கும். கண்புரை அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கும், கிளாகோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய்க்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அப்புட்டியே துணை. கிளாகோமாவினால் இழந்த பார்வை மீள்வதில்லை. எஞ்சியதைக் காப்பது மட்டுமே இயலும். எனவே, சொட்டு நாள்தோறும் கண்ணுக்குள் விழுவது இன்றியமையாதது. முதியோர் பலருக்கு அது இமையிலோ கன்னத்திலோ விழுந்து வீணாகிறது. அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று கடிந்துகொள்வதற்கு முன், புட்டியின் அமைப்பையும் சற்று ஆராய்தல் நலம்.

நமது கீழிமையின் உட்பையில் ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர் திரவமே தங்கும். புட்டியிலிருந்து விழும் சொட்டின் அளவோ 25 முதல் 70 மைக்ரோலிட்டர் வரை வேறுபடும். முனையின் அகலம், மருந்தின் பரப்பு இழுவிசை, புட்டியைச் சாய்க்கும் கோணம் ஆகியவை அந்த அளவைத் தீர்மானிக்கின்றன. சொட்டு பெரிதானால் நோயாளிக்கு நன்மை கூடுவதில்லை. மிகுதி கன்னத்தில் வழிந்துவிடும்.

இதில் பணக்கணக்கும் உண்டு. 5 மில்லிலிட்டர் புட்டியில் 50 மைக்ரோலிட்டர் அளவுள்ள சொட்டுகள் 100 இருக்கும். இரு கண்களுக்கும் நாளுக்கு இருமுறை இடுவோருக்கு அவை 25 நாட்களில் தீர்ந்துவிடும். அதே மருந்து 30 மைக்ரோலிட்டர் சொட்டாக விழுந்தால் 160-க்கும் மேற்பட்ட சொட்டுகள் கிடைக்கும். ஒரு மாதத்திற்கு 120 சொட்டுகள் போதுமாதலால், குறி தவறும் சிலவற்றுக்கும் இடமிருக்கும்.

பல புட்டிகளில் முனை அடைபட்டிருக்கும்; மூடியின் உட்புறத்தில் ஒரு கூர்முனை இருக்கும். மூடியை இறுகத் திருகினால் அளவான துளை விழும். இதை அறியாதோர் குண்டூசியால் துளையிடுகின்றனர். அதனால் துளை பெரிதாவதுடன் கிருமிகளும் உட்புகக்கூடும்.

புட்டியை அழுத்தத் தேவைப்படும் விசை மற்றொரு சிக்கல். பக்கங்கள் கடினமாக இருந்தால் மூட்டுவாதம் கண்ட விரல்கள் தளர்ந்து, கை நடுங்கி, குறி தவறும். மிகவும் மென்மையாக இருந்தாலோ ஒன்றுக்கு இரண்டாகச் சொட்டும். கெடாமல் காக்கும் வேதிப்பொருள் சேர்க்காத மருந்துகளுக்கான வால்வு புட்டிகள் சிலவற்றைச் சற்று வலுவாகவே அழுத்த வேண்டியுள்ளது.

கைக்கேற்பக் கருவி அமைய வேண்டும் என்பதற்கு மதுரையிலேயே ஒரு சான்று உண்டு. 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போனவை. தம் கைகளுக்கு இசைந்த கருவிகளைக் கொண்டு பயின்று, அவர் பல்லாயிரம் பேருக்குக் கண் அறுவை செய்தார். மருத்துவருக்குப் பொருந்திய இந்நெறி நோயாளிக்கும் பொருந்தும். விரல் வலுவற்றவர்கள் அதனை மருத்துவரிடம் தயங்காமல் கூறலாம். அதே மருந்து வேறு அமைப்புள்ள புட்டியில் கிடைக்கக்கூடும். புட்டியைக் கண்ணுக்கு நேராக நிறுத்தும் துணைக்கருவிகளும் உள்ளன.

சொட்டு இடும்போது தலையைப் பின்சாய்த்தோ படுத்தோ, கீழிமையை மெல்ல இழுத்து ஒரே ஒரு சொட்டு விடுதல் போதும். முனை கண்ணிலோ இமையிலோ படலாகாது. பின்னர்க் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒரிரு நிமிடம் விரலால் அழுத்தினால் மருந்து தொண்டைக்குள் இறங்குவது குறையும். இரண்டாவது மருந்தை 5 நிமிடம் கழித்தே இட வேண்டும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் பெயரைப் படித்தறிதல் அவசியம். பார்வை குறைந்தோருக்கு வீட்டிலுள்ளோர் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டித் தரலாம். திறந்த நாளையும் அதிலேயே குறித்து, உறையில் வேறு அறிவுரை இல்லையெனில் ஒரு மாதத்தில் புட்டியை அகற்றிவிடலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்கையில் தங்கள் புட்டியையும் எடுத்துச் சென்று, செவிலியர் முன்னிலையில் ஒரு சொட்டு இட்டுக் காட்டுங்கள். மருந்து பயனளிக்கவில்லை என்று கருதி வேறு மருந்தை நாடுமுன், அது கண்ணைச் சென்றடைகிறதா என்பது அப்போதே தெளிவாகிவிடும்.