சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிளக்: மாருதி வேனில் வீட்டிலேயே மாற்றுவது எப்படி? அவசரப்பட்டால் ஹெட்டே காலி!

காலையில் ஸ்கூலுக்கு பிள்ளைகளை ஏற்ற வேண்டிய நேரத்தில் வண்டி 'டக்கு டக்கு' என்று உதறும். மேடு ஏறாது. பெட்ரோலும் அதிகம் குடிக்கும். பழைய மாருதி வேன் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. பல நேரம் காரணம் தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக்தான்.

1984-ல் வந்த இந்த வேன், பிறகு ஆம்னி என்று பெயர் மாறி 2019 வரை தயாரானது. 796 சி.சி., 3 சிலிண்டர். அதனால் பிளக்கும் மூன்றுதான். சிக்கல் என்னவென்றால், என்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். சீட்டை தூக்கி, மூடியை கழட்டினாலும் கை முழுசாக நுழையாது. ஸ்பானர் பக்கத்தில் இடிக்கும். பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம்.

சூடாக இருந்தால் தொடாதீங்க

என்ஜின் ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது பிளக்கை திருகினால் மரையும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். 3 பிளக் மாற்றப் போய், ஹெட்டை கழட்டி லேத் பட்டறைக்கு தூக்க வேண்டியதாகிவிடும். எனவே ராத்திரி நிறுத்திய வண்டியில் விடியற்காலையில் வேலை பார்ப்பதே நல்லது.

முதலில் பேட்டரி நெகட்டிவ் ஒயரை கழட்டுங்கள். கேஸ் கிட் இருந்தால் சிலிண்டர் வால்வை மூடி, கதவுகளை திறந்து வையுங்கள். பெட்ரோல் வாடையோ கேஸ் வாடையோ அடித்தால் அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கை கூப்பிடுங்கள். மேலே உட்கார்வது நம்ம வீட்டு ஆட்கள்.

பிளக் ஒயரில் கேப்பை பிடித்து இழுக்க வேண்டும், ஒயரை இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் பிடுங்காதீர்கள். மாற்றி சொருகினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்கு போகலாம்.

பிளக்கை சுற்றி ரோட்டு மண் அடைந்து கிடக்கும். சைக்கிள் பம்ப்பால் காற்று அடித்து ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். இறுகி இருந்தால் துரு எண்ணெய் விட்டு காத்திருங்கள், முரட்டுத்தனம் வேண்டாம்.

ஒரு முழ ஓஸ் போதும்

புது பிளக்கை மாட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்பானரை வைத்து ஆரம்பிக்கவே கூடாது. பழைய பெட்ரோல் ஓஸ் ஒரு முழம் வெட்டி, பிளக் தலையில் சொருகி, ஓஸை விரலால் திருகினால் மூலையில் இருக்கும் ஓட்டையிலும் நேராக இறங்கும். மரை கோணலாக பிடித்தால் ஓஸ் வழுக்கிவிடும், பிளக் சுற்றாது. அப்படி வழுக்கினால் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள்.

முழுசாக இறங்கிய பிறகுதான் ஸ்பானர். வாஷர் வைத்த புது பிளக்குக்கு அரை சுற்று, அல்லது அதற்கு கொஞ்சம் மேல். அவ்வளவுதான்.

கழட்டிய பிளக்கை குப்பையில் போடும் முன் ஒரு பார்வை பாருங்கள். முனை லேசான பழுப்பு நிறம் என்றால் என்ஜின் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக போகிறது, ஏர் பில்டரையும் பாருங்கள். எண்ணெய் பிசுக்கு இருந்தால் என்ஜின் வேலை காத்திருக்கிறது.

மூன்றும் புதுசு போட்ட பிறகும் வண்டி உதறினால், அடுத்து பார்க்க வேண்டியது பிளக் ஒயரும் டிஸ்டிரிபியூட்டர் மூடியும்.