3 நிமிடம் 59.4 விநாடி: ஓய்வு தந்த சாதனை!

1954, மே 6. லண்டன் மருத்துவமனை ஆய்வகத்தில் தன் ஷூவின் ஸ்பைக்குகளைத் தீட்டிக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலேறினார் 25 வயது மருத்துவ மாணவர் ரோஜர் பேனிஸ்டர். ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதுவரை உலகில் யாரும் ஓடியதில்லை!

மதிய உணவு இடைவேளையில்தான் பயிற்சி. 440 கெஜச் சுற்றைப் பத்து முறை ஓடுவார். நடுவே 2 நிமிட இடைவெளி. மைலுக்கு நான்கு சுற்று என்பதால், ஒவ்வொன்றும் 60 விநாடிக்குள் முடிய வேண்டும். ஏப்ரலில் 61-க்குக் கீழே இறங்கவே இல்லை.

பயிற்சியைக் கூட்டினாரா? இல்லை. ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்தில் மலையேறப் போய்விட்டார். சில நாள் கழித்துத் திரும்பி வந்து ஓடினால்... 59!

பந்தய நாளில் பலத்த காற்று. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமா என்று தயங்கினார். கடைசி நேரத்தில் காற்று தணிய, களமிறங்கினார். முதலில் பிராஷரும், அடுத்து கிறிஸ் சாட்டவேயும் முன்னால் ஓடி வேகம் கொடுத்தார்கள். மூன்று சுற்று முடிவில் 3 நிமிடம் 0.5 விநாடி. கடைசிச் சுற்றில் சாட்டவேயைத் தாண்டிப் பாய்ந்து, கோட்டைக் கடந்ததும் துவண்டு சரிந்தார்.

அறிவிப்பாளர் 'மூன்று...' என்றதுமே எழுந்த ஆரவாரத்தில், மீதி யாருக்கும் கேட்கவில்லை!